பாறையைக் கொதிக்க வைத்த நாள்

கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் சிக்னல் பிரிவு இன்ஜினியரான மருதமுத்து, ரயில்வே குவார்ட்டர்ஸ் ஹாலில் இரண்டடித் தொட்டி ஒன்றில் கடல் மீன் வளர்த்தான். அவனுக்கு ஊர் விருதுநகர். கடலோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. மாற்றலாகி வந்த புதிதில், உடன் வேலை பார்த்த மஹாதேவன் வீட்டில் இப்படியொரு தொட்டியைப் பார்த்தான். அன்றிலிருந்து அதே பைத்தியம். உப்பு கலப்பதும் பவளத்துக்கு விளக்குப் போடுவதும் யூடியூப் பார்த்துப் படித்துக்கொண்டான். மீன் சேர்ப்பதில் மட்டும் அவசரப்பட மாட்டான். ஒரு ஜோடி கோமாளி மீன், பாறைப் பொந்தை விட்டு அதிகம் வெளியே வராத ஊதா நிற மீன் ஒன்று, மணலைச் சலித்துத் தின்னும் மீன் ஒன்று. அவ்வளவுதான். சின்னத் தொட்டியில் ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று ஆசைப்படக் கூடாது என்பான்.

மனைவி லதாவுக்கு அதிலெல்லாம் ஈடுபாடு இல்லை. ஹவுராவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலை லோக்கல் ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். ஆஸ்துமா உண்டு, குளிர்காலம் வந்தால் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போக மாட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு பிளஸ் ஒன் படிக்கும் மகள் சுபிக்ஷாவோடும் திருத்த வேண்டிய பேப்பர்களோடும் அவள் பொழுது போய்விடும். கணவன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் "சாப்பாடு ஆறுது" என்று மட்டும் சொல்வாள்.

டிசம்பரில் ஒருநாள் கரியாஹாட் கடைத்தெருவுக்கு ஸ்வெட்டர் வாங்கப் போனார்கள். சந்துக்குள் இருந்த மீன் கடையில் மருதமுத்து உப்பு வாங்கிக்கொண்டிருந்தபோது, லதா ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே விரல் நீளத்தில் பளிச்சென்று ஒரு நீல மீன்.

"ஏங்க, இது நல்லாருக்கே."

கடைக்காரர் கையை ஆட்டினார். "அண்ணா, சின்னத் தொட்டிக்கு வேண்டாம். பெரிய ரவுடி இது."

மருதமுத்துவுக்கும் அது தெரியும். ஆனால் இத்தனை நாளில் லதா ஒரு மீனைப் பார்த்து நல்லாருக்கு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வாங்கிவிட்டான்.

சில நாள் லதாவும் தொட்டிப் பக்கம் வந்தாள். காபி டம்ளரோடு நின்று நீல மீனைத் தேடுவாள். அதற்குள் அது தன் வேலையைத் தொடங்கியிருந்தது. ஊதா மீனைப் பொந்தை விட்டுத் துரத்தியது. கோமாளி மீன்களின் வால் பிய்ந்து தொங்கியது. "அப்பா, சாரா தின் மாராமாரி. நாள் பூரா சண்டை, பார்க்கவே பாவமா இருக்கு" என்றாள் சுபிக்ஷா. பொங்கலுக்கு முந்தின வாரம் ஊதா மீன் செத்து மிதந்தது.

நீல மீனைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவதென்று முடிவாயிற்று. வலைக்கு அது சிக்கவில்லை. பாறை இடுக்கில் நுழைந்துகொண்டது. ஒரு சனிக்கிழமை காலை மருதமுத்து பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துத்தான் பிடிக்க முடிந்தது. கடைசியாக எடுத்த பெரிய பாறையைத் திருப்பிப் பார்த்தவன் முகம் சுளித்தான். அடிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி போன்ற சின்னச் சின்ன அனிமோன்கள், பூ மாதிரி விரியும் கடல் உயிர்கள். தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அவை களை மாதிரி. ஒன்றைப் பிய்த்தால் பத்தாக முளைக்கும், பவளத்தைக் கொட்டிக் கருக்கும். முன்பு கண்ணில் பட்டவற்றை ஊசியில் கொதிநீர் ஏற்றிக் கொன்றிருக்கிறான். இத்தனையை ஊசியால் கொல்ல முடியாது. அவற்றுக்கு நடுவே பழுப்புப் பொத்தான்களாக ஒரு பவளமும் அடர்ந்து கிடந்தது. அதை அவன் பெரிதாக நினைக்கவில்லை. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பாறையைத் தனியாக வாளியில் போட்டான்.

அப்போதுதான் யார்டிலிருந்து அழைப்பு வந்தது. தண்டவாளம் மாற்றும் பாயிண்ட் வேலை செய்யவில்லை, இரண்டு வண்டிகள் நிற்கின்றன. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

மதியம் லதா போன் செய்தாள்.

"அந்த வாளி நாறுதுங்க. வீட்ல இருக்கவே முடியல. கொட்டிரவா?"

"கொட்டாத. நல்ல பாறை, வேஸ்டாப் போயிரும். பழைய குண்டான் இருக்குல்ல, அதுல போட்டுக் கொதிக்க வச்சிரு. பூச்சியெல்லாம் செத்துரும். நான் வந்து பாத்துக்கறேன்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

ஜனவரிக் குளிருக்கு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. லதா குண்டானை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே நின்று கீரை ஆய்ந்தாள். சமையலறை முழுக்க ஆவி. டியூஷன் முடிந்து சுபிக்ஷா வந்தபோது அம்மா தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாயெல்லாம் இரும்பு நக்குன மாதிரி இருக்குடி. நெஞ்சு அடைக்குது."

இன்ஹேலரை அழுத்தியும் பயனில்லை. சுபிக்ஷாவுக்கும் இருமல் பிடித்தது. அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தவள், சித்தி முறையில் காக்கிமா என்று அவள் அழைக்கும் எதிர்வீட்டு மிதாவைக் கூப்பிட்டாள். அவர்தான் இருவரையும் டாக்ஸியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மருதமுத்து போய்ச் சேர்ந்தபோது லதாவுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப் போட்டது. ஆஸ்துமாதான் என்று நினைத்துச் செய்த வைத்தியம் எதுவும் கேட்கவில்லை. இளம் டாக்டர் ஒருத்தி வெளியே வந்தாள்.

"வீட்டில் என்ன சமைத்தார்கள்? ஏதாவது புகை? பூச்சி மருந்து?"

"பாறை" என்றான் மருதமுத்து. "மீன் தொட்டிப் பாறை. கொதிக்க வைக்கச் சொன்னேன்."

டாக்டர் புரியாமல் பார்த்தாள். அவன் போனில் இருந்த படத்தைக் காட்டினான். அந்தப் பழுப்புப் பொத்தான்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, யாருக்கோ போன் பேசிக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னாள். அந்தப் பவளத்தில் கொடிய விஷம் உண்டு. கொதிக்க வைத்தால் ஆவியோடு சேர்ந்து நுரையீரலுக்குள் போய்விடும். முறிவு மருந்து கிடையாது. மூச்சைத் தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சுபிக்ஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஏன் அதைத் தொட்டாங்கன்னு யோசிச்சிட்டே இருந்தேன்" என்றாள். "நீங்க சொல்லித்தானா?"

"ஆமாம்மா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

லதா பல நாள் வெண்டிலேட்டரில் கிடந்தாள். பிழைத்தாள். நுரையீரலில் பாதிக்கு மேல் தழும்பாகிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அவள் வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும். மஹாதேவன் முகமூடியும் கையுறையும் கொண்டுவந்தார். மிஞ்சிய மீன்களை அவரே எடுத்துக்கொண்டார். பாறைகளை யாருக்கும் கொடுப்பதற்கில்லை. தொட்டியில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினார்கள். பவளங்கள் சுருங்கி வெளுத்து, நூல் நூலாகக் கழன்று மிதந்தன. இரண்டு வருடம் வளர்த்தது. மருதமுத்து நின்று பார்த்தான், அழுகை வரவில்லை.

லதாவால் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று இனிப் பாடம் நடத்த முடியாது. வேலையை விட்டாள். சுபிக்ஷா அம்மாவைக் குளிப்பாட்டினாள், தலை வாரிவிட்டாள். அப்பாவிடம் தேவைக்கு மட்டும் பேசினாள், அதுவும் பாதி வங்காளத்தில்.

லதா அவனைத் திட்டவில்லை. திட்டவும் மூச்சு வேண்டுமே என்று அவனுக்குத் தோன்றும்.

ஏப்ரலில் மதுரைப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதப்போவதாகச் சொன்னான்.

"ஊர்க் காத்து ஒத்துக்கும் லதா. உங்கக்கா இருக்காங்க. எங்கம்மா பக்கத்துலயே இருப்பாங்க."

தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பேசுவதற்காக மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போனா வர்றவங்க எல்லாம் எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க." நிறுத்தினாள். "ஒவ்வொருத்தருக்கும் நான் மூச்சு வாங்கிச் சொல்லணும்."

"நான் சொல்லிக்கறேன்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

அடுத்த அறையில் சுபிக்ஷா புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"இங்கயே இருப்போம்" என்றாள் லதா. "இங்க யாரும் அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். மருதமுத்து எழுந்து போய் ஆக்ஸிஜன் மெஷினை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, சுவிட்சைப் போட்டான்.