கல்லுக்குள் உப்பு

அசைகிறது, அந்த உப்புப் பரலுக்குள் ஒரு சொட்டு நீர், அந்த நீருக்குள் ஒரு குமிழி, கொத்தனாரின் ரசமட்டத்தில் ஓடுமே அதைப்போல, ஆனால் யாரும் சாய்க்காமல், யாரும் தொடாமல், இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிவைத்த சந்தனமாரிக்கு மூச்சு விடவே பயமாக இருக்கிறது, விட்டால் அது கலைந்துபோகுமாம், விண்கல் ஆராய்ச்சியில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு இது என்ன சின்னப்பிள்ளைத்தனம், கல்லுக்குள் உப்பு, உப்புக்குள் நீர், பூட்டிய அறைக்குள் பூட்டிய அறை, இவள் மூச்சு அங்கே எப்படிப் போகும், ஆனாலும் அவள் விடவில்லை, பின்னால் நின்ற வைத்தீஸ்வரன் சார்தான், ஆய்வகத்தின் தலைவர், ஓய்வு பெறப்போகிற வயதிலும் சந்தேகத்தைக் காலைக் காப்பிபோல விடாதவர், அவர்தான் மெல்லக் கேட்டார், நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா இது வானத்து உப்பா, உங்கம்மா உப்பா. அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா உலகம்மாள், தூத்துக்குடிப் பக்கம் கீழத்தருவை அளத்தில் உப்பு வாருகிறவள், மகள் வானத்துக் கல்லை உடைத்துப் பார்க்கும் உத்தியோகத்துக்கு வடக்கே போன பிறகும் வாருகிறாள், வீட்டுல சும்மா கெடந்தா மேலு வலிக்கிம்ளா என்பது அவள் நியாயம், பாத்தியில் நின்று நின்று வெடித்த கால், வெயிலில் எரியும் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து மங்கிய கண், அந்தக் கண் மங்காத நாளில் அவள் மகளை வரப்பில் உட்காரவைத்து, படிச்சிக்கிட்டே இரி, எந்திரிச்ச பாத்துக்க, என்கிறாள், புத்தகமும் வெள்ளை, எதிரே பாத்தியும் வெள்ளை, எழுத்தெல்லாம் கண்ணுக்குள் மிதக்கிறது, சந்தனமாரி மெல்ல எழுந்து வாருபலகையை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிறாள், அவ்வளவுதான், முதுகில் விழுந்தது ஒன்று, ஏளா, இன்னொருக்கா உப்புல கைய வச்ச, கைய முறிச்சி அடுப்புல வச்சிருவேன், உப்பு எங்கூட முடிஞ்சி போட்டும், ஒனக்கு வேண்டாம். அடித்த அதே கைதான் கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய பரலாகப் பார்த்து ஒன்றை எடுத்துத் தருகிறது, அழாத, இந்தா, உள்ள தண்ணி தெரியுதா பாரு, சூரியனுக்கு நேரே பிடித்தால் சதுரம் சதுரமாய்ச் சுவர்கள், நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒரு சொட்டுக் கடல், அன்றைக்குப் பிடித்தது பைத்தியம், அம்மா வேண்டாம் என்றதை அம்மா கையாலேயே வாங்கிக்கொண்டு அவள் வளர்ந்தாள்.

கல் விழுந்தது புரட்டாசி முடிகிற ஒரு பின்மதியம், வேட்டுப் போட்டதுபோல வானம் அதிர்ந்ததாம், கடல் பக்கமிருந்து ஒரு நெருப்புக் கோடு ஊருக்குள் வந்ததாம், அம்மன் கோயில் வேப்பமரத்தடியில் தரை குழிந்து உள்ளே ஒரு கறுப்புக் கல், நடந்து வந்த விருந்தாளிக்கே கால் கழுவச் செம்பு நீட்டுகிற ஊர், இத்தனை கோடி மைல் தாண்டி வந்தவளைச் சும்மா விடுமா, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பால் ஊற்றி, பன்னீர் தெளித்து, சந்தனம் அப்பி, குலவை போட்டு, குளிரக் குளிரக் குளிப்பாட்டினார்கள், அதிகாரிகள் வந்து கேட்டதும் முறுக்கிக்கொள்ளாமல் கொடுத்தார்கள், பாத்து முடிச்சதும் எங்க ஆத்தாளத் திருப்பித் தந்துரணும் என்ற ஒரே பேச்சோடு, அது ஊர் ஊராய்ச் சுற்றி சந்தனமாரியின் மேசைக்கே வந்து சேர்ந்தது, சொந்த ஊர்க் கல், மஞ்சள் மணத்தை மோந்து சிரித்தாள், நுண்ணோக்கியில் குனிந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. விரிசல் விட்ட அந்தக் கல்லின் உடம்பெல்லாம் பொடிப்பொடியாய்க் குழிகள், வெறும் குழிகள், எல்லாமே சதுரம், வேறொருவர் குழி என்று குறித்துவிட்டு எழுந்து போயிருப்பார், உப்புப் பரலின் மூலையை விரலால் அறிந்தவளுக்குத் தெரிந்துவிட்டது, இங்கே உப்பு இருந்திருக்கிறது, கோயில் வாசல் வரை வந்திருக்கிறது, பாலும் பன்னீரும் உள்ளே இறங்கி அதைக் கரைத்து வேப்பமரத்தின் வேருக்கு விட்டுவிட்டன. கல்லில் உப்பு இருந்தால் அந்தக் கல் பிறந்த உலகத்தில் தண்ணீர் நின்று காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தத் தண்ணீரே ஒரு சொட்டு உப்புக்குள் மாட்டியிருந்தால், ஐயோ, பிற உலகத்துத் தண்ணீரை ஒரு மனுஷி கண்ணால் பார்க்கலாமே, அதைத்தான் குலவை போட்டுக் கரைத்திருந்தார்கள். ஊரைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை, விண்கல்லை அறுக்கிற படித்தவர்கள் மட்டும் என்னவாம், வாளின் சூடு தணியத் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தானே அறுத்தார்கள், எத்தனை உலகங்களின் உப்பு எந்தெந்தச் சாக்கடையில் போனதோ.

யம்மா, அந்தக் கல்லுல வேற துண்டு யார் கைலயாவது கெடச்சுதா, தண்ணி படாதது, என்று தொலைபேசியில் கேட்டாள், அம்மா திருப்பிக் கேட்டாள். நீ கெவுர்மெண்டு ஆளா கேக்கியா, எம்மவளா கேக்கியா. ஒம்மவளாத்தான். அப்பம் யார்ட்டயும் சொல்லாத, நம்ம அம்பாரத்துல ஒண்ணு கெடக்கு ளா. அம்பாரம் என்பது வாரிய உப்பை மலையாய்க் குவித்து, மழைக்கு முன்னே ஓலை வேய்ந்து மூடி வைப்பது, மூடியதை மழைக்காலம் தாண்டாமல் பிரிக்கிற வழக்கமில்லை, நீர் இறங்கினால் அத்தனை பேர் உழைப்பும் கரைந்து வந்த கடலுக்கே போய்விடும், கல் ஓலையைப் பொத்துக்கொண்டு உள்ளே போனதைக் கண்ட பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள், வெளியே சொன்னால் மலையையே பிரித்துப் போட்டுவிடுவார்கள், ஆகவே பொத்தலில் ஒரு ஓலையைச் சொருகி அடைத்தார்கள், வாயையும் அடைத்துக்கொண்டார்கள். அந்தக் கள்ள மௌனத்துக்காக அவர்கள் ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது சந்தனமாரிக்கு.

உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்கள், அவள் உப்பில் கிடக்கும் கல்லை எடுக்கப் போன அன்றைக்கே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, பிரித்தால் அம்பாரம் போகும், பிரிக்காவிட்டால் பெருமழை அந்தப் பொத்தல் வழியே கல்லைத் தேடிப் போகும், பெண்கள் ஒரு தார்ப்பாயை நாலு மூலையிலும் பிடித்துக் கூரையாய் நிற்கிறார்கள், காற்று அதைப் பிடுங்கப் பார்க்கிறது, அம்மா ஓலையை விலக்கிப் பொத்தலுக்குள் கையை விடப் போகிறாள், யம்மா, ஈரக்கை படக்கூடாது, இந்த உறையப் போட்டுக்கோ. பாத்தியா, உப்பளத்துக்காரிக்கு ஈரக்கையப் பத்திப் பாடம் எடுக்க வந்துட்டா, என்று தார்ப்பாயின் மூலையிலிருந்து சுடலி சிரிக்கிறாள், அம்மாவும் சிரித்துவிட்டு, உறையைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை, தோள் வரை, கன்னம் உப்பில் அழுந்தும் வரை போகிறாள், கண்ணை மூடித் துழாவுகிறாள், தட்டுப்பட்டுட்டு ளா, கனமாத்தான் இருக்கு, பச்சப்புள்ளயத் தூக்குத மாரி இருக்கு. மகள் காய்ந்த பையை விரித்து ஏந்திக்கொண்டாள், சுடலி ஓலையைத் திரும்பச் செருகினாள், தார்ப்பாயில் முதல் துளி விழுந்த சத்தம் இன்னமும் அவள் காதில் இருக்கிறது.

அப்படி வந்த கல்லின் விரிசலில் எடுத்த பரல்தான் இது, அதற்குள்தான் அந்தக் குமிழி ஆடுகிறது, உப்புமலைக்குள் கிடந்த கல்லில் உப்பு இருப்பது என்ன அதிசயம் என்கிற சாரின் கேள்வியில் தப்பே இல்லை, சோதித்துப் பார்த்தார்கள், அவர் சொன்னதுதான் சரி, அம்மாவின் உப்பு, விழுந்த வேகத்தில் விரிசலுக்குள் ஏறிய கீழத்தருவை உப்பு, மூச்சடக்கி அவள் கும்பிடாத குறையாகப் பார்த்தது போன சித்திரையில் அம்மா வாரிய கடல்தான். அழுகை முட்டியது அவளுக்கு, சிரிப்பும் வந்தது. இதோட விட்ரலாம்மா, என்றார் சார், வெளி உப்பு கலந்த கல்லுன்னு எழுதிடு, உன் பேரும் கெடாது, முழுக் கல்லா ஊருக்குத் திருப்பிக் குடுத்துரலாம். சார், நடுவுல ஒடைச்சிப் பாக்கணும். ஒடைச்சு உள்ளயும் ஒண்ணுமில்லன்னா, கல்லும் போச்சு, உன் பேச்சும் போச்சு, அடுத்த தடவ உப்புன்னு வாயத் தெறந்தா சிரிப்பாங்க. சிரிக்கட்டும் சார், சதுரக் குழிய என் கண்ணால பாத்திருக்கேன். சரி, உன் பாடு, என்று சார் கண்ணாடிப் பெட்டியின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ஈரக்காற்று புகாத அந்தப் பெட்டிக்குள் கைகளை மட்டும் நுழைத்துக்கொண்டு அவள் நிற்கிறாள், தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை, உளியும் சுத்தியலும்தான், கல்லின் மேல் உளியை வைத்ததும், உப்புல கைய வச்ச முறிச்சிருவேன் என்று எங்கிருந்தோ அம்மாவின் குரல் கேட்கிறது, முதல் அடியில் கல் அசையவில்லை, இரண்டாவதில் ஒரு தூசு பறந்தது, அடுத்ததில் தேங்காய் விண்டதுபோல இரண்டாய் விழுந்தது, கறுப்புக் கல்லின் நட்ட நடுவில், விரிசல் எதுவும் எட்டாத இடத்தில், நீலம். அவரைப்பூவின் ஊதாவும் நீலமும் கலந்த நிறத்தில் சின்னச் சின்னப் பரல்கள், சதுரம் சதுரமாக, உப்பு வெள்ளை என்றுதானே உலகம் பிறந்த நாளாய் நினைத்திருந்தோம், காலங்காலமாய்க் கதிர்பட்டுக் கிடந்தால் உப்பு நீலமாகும் என்று அவள் படித்ததுண்டு, கண்டதில்லை, கீழத்தருவையில் எந்தப் பாத்தியிலும் எந்த வெயிலிலும் அந்த நிறம் விளைந்ததில்லை. சார் வந்து குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார், சந்தேகத்திலேயே வாழ்ந்த மனிதர், இது உங்கம்மா உப்பு இல்லம்மா, என்றார்.

பிறகு நுண்ணோக்கியில் வைத்தார்கள், நீலத்துக்குள்ளும் ஒரு சொட்டு இருந்தது, வயது பார்த்தார்கள், பூமியின் முதல் கடலைவிட மூத்த உப்பு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற சிறு உலகங்களில் ஏதோ ஒன்றில், சூரியனே இளசாக இருந்த நாளில், உள்சூட்டில் பனி உருகித் தண்ணீர் ஓடியிருக்கிறது, நின்றிருக்கிறது, காய்ந்து உப்பாகியிருக்கிறது, அந்த உப்பு ஒரு சொட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த உலகம் மோதி உடைந்த பிறகும் விடாமல் வைத்துக்கொண்டு, கடைசியில் ஓர் அம்பாரத்துக்குள் வந்து விழுந்திருக்கிறது, கல்லைப்போல் நேர்மையான சாட்சி யார், செவ்வாயிலிருந்து சிதறி வந்த கற்கள் அந்தக் கோளின் காற்றையே மூச்சுப்போல் பொதிந்து கொண்டுவந்து தந்திருக்கின்றன, நாம் ஏணி போட்டு ஏறுவதற்கு முன்னமே வானம் இறங்கி வந்து தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, நாம்தான் குளிப்பாட்டிவிடுகிறோம். நீல உப்பின் சொட்டுக்குப் பக்கத்தில் கரிமச் சேர்மங்களும் இருந்தன, உயிர் அல்ல, உயிர் சமைக்கத் தேவையான மளிகை, அடுப்பு மூட்டினார்களா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது, ஆனால் சாமான் அங்கேயும் இருந்திருக்கிறது, அது போதும், அதுவே எவ்வளவு பெரிய சேதி.

தை பிறந்து, ஓலை பிரித்து, அம்பாரம் வெயிலில் வெள்ளையாய் நிற்கிறது, சந்தனமாரி வரப்பில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நுண்ணோக்கியில் பிடித்த படம் ஓடும் கைப்பேசியை நீட்டுகிறாள், யம்மா, இங்க பாரு. எனக்கு எங்க ளா தெரியப்போவுது, கண்ணுதான் போச்சே. பாரும்மா. அம்மா உள்ளங்கையைக் கூரையாக்கி வெயிலை மறைத்து, மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்தாள், நீலம், நீலத்துக்குள் ஒரு சொட்டு, பிறகு அவள் தோள் நிமிர்ந்தது, ஆடுது ளா, என்றாள், உள்ள ஒண்ணு ஆடுது, உசுரா. உசுரு இல்லம்மா, தண்ணி, அதுக்குள்ள குமிழி, ஆனா உசுருக்கு வேண்டியதெல்லாம் பக்கத்துலயே இருக்கு. அங்க யாரு வாருனா இத. யாருமே இல்லம்மா, தண்ணி தானா நின்னுச்சி, தானா காஞ்சிது, உப்பு வெளஞ்சி அப்பிடியே கெடந்துச்சி. ஆளில்லாமலா, வாருததுக்கு ஒருத்தி இல்லாமலா, இத்தன காலமா. அம்மாவுக்கு மனசு தாங்கவில்லை, விளைந்த உப்பை வாராமல் போட்டு வைத்த பாத்தியை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, பெருமூச்சு விட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்துத் திருப்பினாள், உளி பிடித்துக் காய்த்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள், உப்புல கைய வைக்காதன்னு அந்த அடி அடிச்சேன், கேட்டியா நீ, எங்க போயி வாரிட்டு வந்திருக்க பாரு. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. சரி, மூடி வை, ஈரம் கீரம் பட்டுறப் போவுது, என்று மகளின் கைப்பேசியைத் தன் முந்தானையால் மூடினாள், அம்பாரத்துக்கு ஓலை போடுகிற அதே கவனத்தோடு, ஓரத்தைக்கூடச் செருகிவிட்டு, முந்தானைக்குள்ளே அந்தக் குமிழி ஆடிக்கொண்டிருந்தது.