ஐந்து மில்லி

மொட்டையடித்த தலையோடு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அண்ணன், தங்கையைப் பார்த்ததும் கண்ணடித்தான்.

"ஏய் வாலு, மருந்து கலக்கப்போறது நீதானாமே? உன் காபி மாதிரி தண்ணியா கலந்து என்னை அனுப்பி வச்சிடாதே."

"வாயை மூடிட்டுப் போடா. மண்டையைத் திறந்தா உள்ள என்ன இருக்கப்போகுது? காலி டப்பா."

அவர்கள் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி.

அறுவை அரங்கில் பதினோரு வருடமாக டெக்னீஷியன் அவள். மூளைக்குள் கசியும் ரத்தத்தை நூல் போட்டுக் கட்ட முடியாது. த்ராம்பின் பொடியை ஐந்து மில்லி உப்புநீரில் கரைத்து, ஜெலட்டினோடு குழைத்துக் கொடுப்பாள். டாக்டர் அதைக் கசியும் இடத்தில் வைத்து ஈரப்பஞ்சால் இரண்டு நிமிடம் அழுத்துவார். ரத்தம் அங்கேயே உறைந்து நிற்கும். அன்றைக்கு மற்ற டெக்னீஷியன் விடுப்பு. பொடி வைக்கும் குளிர்பெட்டியின் கதவை இடுப்பால் இடித்து மூடிவிட்டு, அவளே கலந்தாள்.

அண்ணனின் மூளைக்கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள், குளியலறைக்குப் போக எழுந்தவன் அப்படியே சரிந்தான்; பிழைக்கவில்லை. நுரையீரலை ரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்றார்கள்.

ரத்தத்தை உறையவைக்கும் மருந்தைக் கலந்தவள் அவள். அண்ணனின் கேலிக்கு ரோஷப்பட்டுத் தண்ணீரைக் குறைத்துவிட்டாளா? ஐந்து மில்லியா, மூன்றா? எத்தனை யோசித்தும் தன் கைதான் நினைவுக்கு வந்தது. ஊசிக்குழாயில் நீர் நின்ற அளவுக்கோடு வரவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்க்கக் கூசி, அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

ஒரு மாதம் கழித்து டாக்டரின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"முதல்ல உட்காரும்மா." முந்தின நாள் வந்திருந்த பிரேதப் பரிசோதனை அறிக்கையை அவர் அவள் பக்கம் திருப்பினார். "அந்த ரத்தக்கட்டி தொடையிலேர்ந்து கிளம்பியிருக்கு. அவர் போனப்போவே அது மூணு வாரத்துக்கு மேல பழசு. நீ மருந்து கலக்கறதுக்கு முன்னாடியே அவர் கால்ல இருந்திருக்கு. காலைப் பார்க்காம விட்டது நாங்க."

"தலையில வச்சது?"

"பஞ்சை எடுத்தப்போ ஒரு சொட்டு கசியல. மிச்ச மருந்தையும் கழுவி எடுத்துட்டோம். தலையில ரத்தக்குழாய் எல்லாம் அடைப்பில்லாம சுத்தமா இருக்கு, பாரு."

மூன்று முறை படித்தாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போனது போலிருந்தது. வராந்தாவுக்கு வந்து, போனை எடுத்தாள்.

"அண்ணி... நான் வீட்டுக்கு வரட்டுமா?"

"இதென்னடி கேள்வி? ஒரு மாசமா எங்க செத்துப்போனேன்னு நான்தான் கேக்கணும். வா."

அப்போதுதான் அழுகை வந்தது, அண்ணனுக்காக.

மறுநாள் காலை வேலைக்கு வந்தாள். பொடி வைக்கும் குளிர்பெட்டியின் கதவு இன்னமும் இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் மூடுகிறது.