நனைந்த பக்கத்தில் நான்கு வரிகள்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒழுகிய ஏர்கூலர் ஒன்று. 1976, வளைகுடாவில் அல் ஐன் நகரம். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர். அந்தப் பக்கம் தண்ணீர் டாங்கர் ஓட்டும் குர்தயாள் சிங். இந்தப் பக்கம் கட்டட வரைபடம் போடும் நான், மனைவி நாகவள்ளி, எட்டு மாதப் பெண் குழந்தை.

வெள்ளிதோறும் காலையில் குர்தயாள் குர்பிலாஸ் படிப்பார். சீக்கிய குருமார்களின் வாழ்க்கையைச் செய்யுளில் சொல்லும் காவியம். அவருடைய அப்பா கைப்பட நகலெடுத்த பிரதி. கேட்க ஏழெட்டு டிரைவர்கள் வருவார்கள். ஒரு வியாழக்கிழமை கூலர் தண்ணீர் பட்டு, அவர் அடிக்கடி விரும்பிப் படிக்கும், மறுநாளும் படிக்கவிருந்த பக்கத்தில் நான்கு வரிகள் கரைந்துபோயின.

("பாலைவனத்தின் மேல் சூரியன்" என்று தொடங்கி, அடித்துவிட்டேன். சம்பவம் நடந்தது சமையலறைச் சுவரோரம்.)

2

இந்தக் கதையை நான் முதலில் எழுதிய படியில், கரைந்த வரிகளை மீட்டவன் நான். கண்ணை மூடி, பஞ்சாபி தெரியாமலே, கணீரென்று, ஒரு சொல் பிசகாமல்...

"என்னங்க இது?" என்றாள் படித்துப் பார்த்த நாகவள்ளி. "வெள்ளிக்கிழமை பத்து மணி வரைக்கும் குறட்டை விடுறவருக்கு எப்படிங்க தெரியும்?"

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

3

அந்த வியாழக்கிழமை மாலை நான் பக்கத்து வீட்டுக்குப் போனபோது குர்தயாள் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை.

"அப்பாவோட கையெழுத்து, பாயி," என்றார் இந்தியில். "பார்த்துப் படிச்சே பழகிட்டேன். மனசுல ஏத்திக்கல."

 அப்போது சுவருக்கு அப்பால் நாகவள்ளி குழந்தையைத் தூங்கவைக்கும் குரல் கேட்டது. குர்தயாள் நிமிர்ந்தார். செருப்பில்லாமல் எங்கள் வாசலுக்கு ஓடினார்.

"பாபிஜி! அத இன்னொரு தடவை!" என்றார், அண்ணி முறை சொல்லி.

மாதக்கணக்காகச் சுவர் வழியே கேட்ட அந்த நான்கு வரிகளை அவள் தாலாட்டாக்கியிருந்தாள். கூச்சத்தோடு பாடினாள். அவர் சொல் சொல்லாக எழுதிக்கொண்டார்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு கேளுங்க," என்றாள் என்னிடம்.

கேட்டேன்.

"சண்டை! குரு போருக்குப் போறார், குதிரைங்க பறக்குது!" சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இதுக்கா புள்ள தூங்குது?"

"நல்லாவே தூங்குறா," என்றாள்.

(இங்கேயே முடிக்கலாம். சிரிப்போடு முடியும் கதையை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் மூன்றாம் வரி பாக்கியிருக்கிறது.)

4

மூன்றாம் வரியில் ஒரு சொல் அவளுக்குச் சரியாகக் கேட்டதேயில்லை. அந்த இடத்தில் "கண்ணே" என்று போட்டுப் பாடிவந்தாள்.

"கண்ணேன்னா?" என்று கேட்டார் குர்தயாள்.

"புள்ளைய ஆசையா கூப்பிடுறது. ஐயோ, அத எழுதிராதீங்க!"

நான் மொழிபெயர்த்தேன். அவர் தூங்கும் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து எதையோ எழுதினார். எனக்குப் பஞ்சாபியின் குர்முகி எழுத்து படிக்கத் தெரியாது.

மறுநாள் முதன்முறையாக விழித்திருந்து கேட்டேன். மூன்றாம் வரியில் அவர் குரல் தயங்கவில்லை. டிரைவர்கள் தொடையில் தட்டிய தாளத்தில் அந்தச் சொல் மட்டும் காதில் விழாமல் போயிற்று. 'கண்ணே'தான் என்கிறாள் நாகவள்ளி. அப்பாவின் சொல் கடைசி நிமிடத்தில் அவருக்கு நினைவு வந்திருக்கும் என்கிறேன் நான். கேட்டுவிடலாம், சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். இரண்டு பேருக்கும் கேட்க மனம் வரவில்லை.

அந்தச் சொல்லை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

(                    )