பிரேமினிக்கு விட்ட இடம்

மலையகத்து ராகலை நகரில், பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடியில், யூஜினா ஒற்றை அறை ஸ்டூடியோ ஒன்றை நடத்திவந்தாள். அவளிடம் வரும் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் யாரேனும் ஒருவர், பெரும்பாலும் தாய், வெளிநாட்டில் வேலை செய்தார். ஆகையால் குடும்பப் படம் எடுக்கும்போது அவள் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "வராதவங்களுக்கு எடம் விட்டு நில்லுங்க." வரிசையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விழும். பிறகு கணினியில் அந்த இடத்தில் ஆளைச் சேர்த்துவிடுவாள். இதை யாரும் விநோதமாகக் கருதுவதில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரியான அளவுக்கு விலகி நிற்கும்.

தனுஷிகா பெரியபிள்ளை ஆன சடங்கிலும் அப்படித்தான் எடுத்தாள். தனுஷிகாவின் தாய் பிரேமினி நான்கு ஆண்டுகளாகக் குவைத்தில் ஒரு வீட்டில் பணிபுரிகிறாள், விடுமுறை கிடைக்கவில்லை. தந்தை ஜீவராஜ் மரக்கறி லொறிகளில் மூட்டை ஏற்றுபவர். அவர் யூஜினாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வெள்ளிக்கிழமை மாலைக்குள் அல்பம் வேண்டும். தேயிலைத் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் இருக்கும் நிஷாந்தி சனிக்கிழமை குவைத்துக்குப் புறப்படுகிறாள். பிரேமினி இருக்கும் அதே ஊருக்கு. அவளைத் தவறவிட்டால், நம்பிக் கொடுத்தனுப்ப இன்னோர் ஆள் எப்போது கிடைப்பார் என்று சொல்ல முடியாது. பிரேமினியின் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மிச்சமிருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை, படங்களைத் திருத்தும் மென்பொருள் திறக்க மறுத்தது. அது முறையாக வாங்கியதல்ல. யாரோ பூட்டை உடைத்து ஏற்றிக் கொடுத்த பிரதி. இத்தனை நாள் ஓடியதே பெரிது. மாதச் சந்தா கட்டினால் திறக்கலாம் என்றது திரை. அந்தத் தொகை அறை வாடகையை எட்டிப் பிடித்தது. வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தும் வங்கி அட்டையும் அவளிடம் இல்லை. பிழை தன்னுடையது என்பதை யூஜினா அறிவாள். ஆனால் அந்தப் பிழைக்கான விலையைத் தனுஷிகாவின் அல்பம் கொடுக்க நேர்வதை அவளால் ஏற்க முடியவில்லை.

ஹட்டனில் அச்சகமொன்றில் வேலைசெய்யும் பள்ளித் தோழி சுலக்ஷனாவை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"அழுது முடிச்சிட்டியா, இல்ல இனிமேதானா?" என்றாள் சுலக்ஷனா.

"வெளையாடாதடி. நாலு நாள்தான் இருக்கு."

"கிம்ப்னு படம் திருத்துற சாப்ட்வேர் ஒண்ணு இருக்கு. எறக்கு. நாங்க ரெண்டு வருசமா அதுலதான் செய்றோம். காசே இல்ல."

"காசில்லாம குடுக்குறதுல என்னடி பெருசா இருக்கப்போவுது?"

"ஏன், மாரியம்மன் கோயில் அன்னதானத்துல உப்பில்லாமலா இருந்துச்சு? சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ள நீ, வரிசையில மூணு தரம் நின்னு வாங்கித் தின்ன."

"ரெண்டு தரம்."

"பாயாசத்த எண்ண மாட்டியா? சரி கேளு. ஒன்கிட்ட பழைய பைலெல்லாம் இருக்குல்ல, அத போட்டோபீல போட்டுப் பாரு. அது எறக்கவே தேவயில்ல, பிரவுசர்லயே தெறக்கும். மத்த வேலைய கிம்ப்ல செய். மாட்டிக்கிட்டா எனக்கு போன் அடி."

கைப்பேசியின் இணைப்பைக் கணினிக்குக் கொடுத்து யூஜினா பதிவிறக்கத் தொடங்கினாள். மழை இறங்கியதும் சிக்னல் மெலிந்தது. கைப்பேசியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டபோது மீண்டும் வந்தது. மதியத்துக்குள் கிம்ப் திறந்துகொண்டது. அவள் எதிர்பாராத ஒன்று அங்கே இருந்தது: கட்டளைப் பட்டியல்களில் பாதிக்கு மேல் தமிழில் இருந்தன. 'அடுக்கு' என்ற சொல்லைக் கண்டதும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு ஆண்டுகளாக ஆங்கிலத்தில் 'லேயர்' என்று இடம் பார்த்து அழுத்திவந்த ஒன்றுக்கு, யாரோ ஒருவர் கூலி வாங்காமல் உட்கார்ந்து தமிழ்ச் சொல் தேடியிருக்கிறார். உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓரிடத்தில் நகர்ந்துகொண்டே போயின. எத்தனையோ நாட்டுப் பெயர்கள். அவற்றில் ஒன்றையும் அவளால் சரியாக உச்சரிக்க முடியவில்லை. ஆயினும் கடைசிவரை வாசித்தாள்.

பழைய கோப்புகள் சுலக்ஷனா சொன்னபடியே போட்டோபீயில் அடுக்கு அடுக்காகத் திறந்தன. அவற்றுள் யூஜினாவின் தொழில் முதலீடும் இருந்தது: பட்டுச்சேலையும் நகையும் அணிந்து கைகூப்பி நிற்கும், தலையில்லாத பன்னிரண்டு பெண் உருவங்கள். வராத தாய்மாருக்கெல்லாம் இவைதாம் உடல்கள். கைப்பேசியில் வந்த முகத்தை ஓர் உருவத்தின் கழுத்தில் பொருத்தி, நிறத்தைச் சற்று வெளுக்கவைத்து, இடைவெளியில் நிறுத்துவதற்கான கட்டளைகளை முன்னரே கோத்து வைத்திருந்தாள். ஒரே அழுத்தலில் எல்லாம் நடந்து முடியும். "ஒரே ஒடம்பு மூணு தோட்டத்துல நிக்குதுடி, ஒருநாள் எவளாச்சும் கண்டுபிடிக்கப் போறா" என்று சுலக்ஷனா முன்பே கேலி செய்ததுண்டு.

அந்த ஒற்றை அழுத்தல் பழைய மென்பொருளோடு போய்விட்டது. இனி ஒவ்வொரு படியையும் கையால் செய்ய வேண்டும். அடுக்கின் மேல் போடும் மறைப்பில் கறுப்பால் தீட்டினால் அந்தப் பகுதி மறையும். வெள்ளையால் தீட்டினால் மீண்டு வரும். அதற்காகக் குடும்பப் படத்தை இருமடங்கு பெரிதாக்கி, தனுஷிகாவுக்குப் பக்கத்தில் விட்ட இடத்தை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அதைக் கண்டாள்.

தனுஷிகாவின் இடக்கை அந்த வெற்றிடத்துக்குள் நீண்டிருந்தது. விரல்கள் மடிந்திருந்தன. இன்னொரு கையைப் பற்றியிருக்கும் விதமாக, ஆனால் ஒன்றையும் பற்றாமல்.

படம் எடுத்த நேரத்தில் யூஜினா இதைக் கவனிக்கவில்லை. வழக்கமான கட்டளை ஓடியிருந்தால் பட்டுச்சேலை அந்தக் கையை மூடியிருக்கும். அவள் கடைசிவரை அறிந்திருக்கமாட்டாள். இதற்கு முன் எத்தனை கைகளை அப்படி மூடினாளோ என்ற நினைவு வந்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றாள்.

மாலையில் ஜீவராஜ் மகளுடன் மாடிப்படி ஏறி வந்தார். அவருடைய சட்டையில் கரட் மண் ஒட்டியிருந்தது. யூஜினா திரையைக் காட்டினாள்.

"நீங்கதானே அக்கா சொன்னீங்க, அம்மாவுக்கு எடம் விடுங்கன்னு" என்றாள் தனுஷிகா. "எடம் விட்டா போதுமா? அம்மா வந்து நின்னா கையப் புடிக்க மாட்டாங்களா?"

ஜீவராஜ் திரைக்கு வெகு அருகில் குனிந்தார்.

"அண்ணே, நான் வச்சிருக்குற ஒடம்பெல்லாம் கும்புடுற மாதிரி நிக்குது. இந்தக் கைக்கு பிரேமினி அக்காவோட கைதான் வேணும். சீல கட்டி, கைய நீட்டி, ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்ல முடியுமா?"

"சொல்லிறலாம் தங்கச்சி. வீட்டுக்கார அம்மா வெளிய போற நேரமாப் பாத்து எடுப்பா. அப்புறம், வந்தா முகத்த கொஞ்சம் கலராக்கி விடுங்க."

"அப்பா, ஒங்கள யாரு கலராக்குறது?" என்றாள் மகள். "அம்மா சும்மா இருக்கட்டும். நானே அம்மா நெறந்தான்."

புதன்கிழமை பிற்பகல் முதல் படம் வந்தது. பிரேமினி சமையலறை ஜன்னலருகே நின்றிருந்தாள். பயணப் பெட்டியின் அடியில் நான்கு ஆண்டுகள் மடிப்புக் கலையாமல் கிடந்த சேலை. மடிப்பின் கோடுகள் அப்படியே தெரிந்தன. ஆனால் வெளிச்சம் வலப்புறமிருந்து விழுந்தது. சடங்குப் பந்தலில் அது இடப்புறமிருந்து வந்திருந்தது. நீட்டிய கையும் விறைத்திருந்தது.

யூஜினா குரல்பதிவு அனுப்பினாள்: "அக்கா, பஸ்ஸ நிறுத்துற மாதிரி நிக்கிறீங்க. ஜன்னல் ஒங்க எடப்பக்கம் வரணும். கைய தளத்தி வைங்க."

பதிலில் சிரிப்புச் சத்தம்தான் முதலில் கேட்டது. "சும்மா காத்தப் புடிக்கச் சொன்னா எப்புடி தங்கச்சி வரும்? இருங்க, கூட வேல செய்ற நேபாளத்துப் புள்ளயோட கையப் புடிச்சுக்கிறேன். அவ மத்தக் கையால போட்டோ எடுப்பா."

இரண்டாவது படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பிரேமினியின் விரல்கள் அந்தப் பெண்ணின் விரல்களை இறுக்கமில்லாமல் பற்றியிருந்தன.

அன்றும் வியாழன் காலையும் யூஜினா அந்த ஓரிடத்திலேயே இருந்தாள். நேபாளத்துப் பெண்ணின் விரல்களைக் கறுப்புத் தூரிகையால் ஒவ்வொன்றாக மறைத்தாள். அங்கே தனுஷிகாவின் விரல்கள் வெளிவந்தன. சமையலறையின் நீலச் சாயலை நிறத்தைக் காட்டும் வளைகோட்டைத் தாழ்த்திப் பந்தலின் மஞ்சள் ஒளிக்குக் கொண்டுவந்தாள். பிரேமினியின் நிறத்தில் மட்டும் கை வைக்கவில்லை. இரண்டு முறை மாட்டிக்கொண்டாள். ஒரு முறை சுலக்ஷனா தீர்த்துவைத்தாள். மறுமுறை, கேள்விகள் கேட்கும் ஒரு தளத்தில், முகம் தெரியாத ஒருவர் அரைமணி நேரத்தில் படம் வரைந்தே விளக்கினார்.

எஞ்சியது உயரம். தாய் எத்தனை உயரத்தில் நிற்க வேண்டும்? மதியம் ஜீவராஜை மரக்கறிக் கடையிலிருந்து வரவழைத்துக் கேட்டாள்.

அவர் தம் காதின் கீழ்நுனியைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு இங்க வரைக்கும் வருவா. கல்யாணத்தன்னிக்கி போட்டோகாரரு எங்கள நிக்கவச்சு அளந்தாரு, அதான் ஞாபகம்."

படத்தில் அவரும் நின்றிருந்தார். அவருடைய காதிலிருந்து நேராக ஒரு கோடு இழுத்து, பிரேமினியின் உச்சியை அதற்குச் சரியாக வைத்தாள். ஜீவராஜ் திரையில் மனைவியின் உச்சியிலிருந்து தம் காதுவரை விரலால் ஒருமுறை கோடிழுத்துப் பார்த்தார். பிறகு, "கூட்டத்துல எங்களோட வந்து நின்ன மாதிரியே இருக்கு" என்று மட்டும் சொல்லி, லொறி காத்திருப்பதாக இறங்கிப் போனார்.

அன்று மாலையே யூஜினா கோப்பை நுவரெலியாவிலுள்ள அச்சுக்கூடத்தில் கொடுத்தாள். அல்பம் வெள்ளி மாலை ஜீவராஜின் கைக்கு வந்தது. சனிக்கிழமை நிஷாந்தியின் பெட்டியில் புறப்பட்டது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, கிம்ப் குழுவினருக்கு யூஜினா ஒரு கடிதம் எழுதினாள். அதைத் தமிழிலேயே எழுதினாள்.

"அவங்களுக்குத் தமிழ் புரியுமாடி?" என்று கேட்டாள் சுலக்ஷனா.

"தமிழ்ல சொல்லு போட்டவங்க அந்தக் கூட்டத்துல இருக்காங்கல்ல. அவங்க வாசிச்சு மத்தவங்களுக்குச் சொல்லட்டும்."

கடிதம் நான்கு வரிதான். ஒரு பிள்ளையின் கையை மூடிவிடாமல் இருக்க உங்கள் வேலை எனக்கு உதவியது, உங்கள் பெயர்களை முழுவதும் வாசித்தேன், போய்விட்ட பழைய ஒற்றை அழுத்தல் கட்டளைகளை இனி மறுபடி கோத்து வைக்கமாட்டேன், நன்றி.

செவ்வாய்க்கிழமை பிரேமினியின் குரல்பதிவு வந்தது. நடுநடுவே ஏடுகள் புரளும் ஓசை கேட்டது.

"தங்கச்சி, அல்பம் வந்துருச்சு. கையப் பாத்தேன். அதப் பத்திப் பேசுனா அழுதுருவேன், பேசல. ஆனா ஒண்ணு கேக்கணும். இவ நெசமாவே இவ்வளோ ஒசரமா, இல்ல நீங்க நீட்டி வச்சீங்களா? நான் இங்க வரும்போது என் நெஞ்சுக்குக் கீழ நின்னா. போன்ல மொகம் மட்டுந்தான தெரியுது."

"நீட்டல அக்கா" என்று யூஜினா பதில் அனுப்பினாள். "அண்ணனோட காத வச்சு அளந்துதான் ஒங்கள நிப்பாட்டுனேன். அவ ஒங்க காது வரைக்கும் வந்துட்டா."

பிரேமினியிடமிருந்து அடுத்த பதிவு வந்தது.

"நல்லாருப்பீங்க தங்கச்சி. அவளுக்குன்னு ரெண்டு சட்ட எடுத்து வச்சிருந்தேன், சின்னப் புள்ள அளவுல. நல்லவேள அனுப்பல. நாளைக்கே கடையில குடுத்துப் பெருசா மாத்திக்கிறேன்."