வாத்து என்று பெயர் வைத்தவள்

அந்தப் பெயரை வைத்தது அக்காதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் இசைத்துறை முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டபோது, யார் வைத்தது என்று யாராவது கேட்டால், அக்கா காது கேளாதவள் மாதிரி தாளம் தட்டும் மெட்ரோனோமைத் திருகிக்கொண்டிருப்பாள்.

வாத்து அவளுடைய சித்தி மகள். மாடியில் அக்கா வீடு, கீழே சித்தி வீடு. இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகத்தில் சாக்ஸபோன் படித்தார்கள். அக்கா கடைசி வருஷம், வாத்து இரண்டாம் வருஷம். வாத்தின் சாக்ஸபோன் யாரோ வாசித்துக் கழித்த பழையது. மேல் சுரங்களிலும் நடுச் சுரங்களிலும் சமர்த்தாகப் பேசும். அடிச் சுரங்களுக்கு இறங்கினால் போச்சு, 'குவாக்' என்று கத்திவிட்டு எங்கேயோ மேலே தாவிவிடும். கீழ்வீட்டுச் சமையலறையிலிருந்து சித்தியின் குரல் வரும்: "என்னடி, இன்னைக்கு எத்தனை முட்டை?"

ஆசிரியர் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டார். மூச்சு. அவருக்குத் தலைவலி வந்தாலும் மூச்சுதான் காரணம். அந்தக் கருவியை வாங்கி ஒரு தடவை ஊதிப் பார்த்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அடுத்தவர் வாய் வைத்த ரீட்டில், அதாவது ஊதுமுனையில் பொருத்தும் நாணல் பட்டையில், அவர் வாய் வைக்க மாட்டார். அந்தத் துறையில் யாருமே வைக்க மாட்டார்கள். பல் துலக்கும் பிரஷ் மாதிரிதான் ரீடும்.

ஆகவே வாத்து மூச்சு வளர்த்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு, ஆறாம் நம்பர் பயிற்சி அறையில், மெட்ரோனோமை அறுபதில் வைத்து ஒவ்வொரு அடிச் சுரமாகப் பிடித்து நிறுத்துவாள். எதிரே அக்கா உட்கார்ந்து எண்ணுவாள். ஒருத்தி ஊதும்போது மற்றவள் எண்ண வேண்டும் என்பது அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அக்கா ஊதினால் இருபத்திநாலு வரை போகும். வாத்து ஊதினால் ஐந்து, ஆறு, மிஞ்சிப்போனால் ஒன்பது. அதற்குள் குவாக்.

"இன்னும் அழுத்திப் பாக்கறேன், அக்கா."

"விரல்ல என்ன இருக்கு? ஆசிரியர் சொல்றது மூச்சு."

"அழுத்தினா கொஞ்சம் கேக்குது. நெஜமாத்தான் சொல்றேன்."

அவள் வலது கை மோதிர விரல் நுனியில் தோல் தடித்துப்போயிருந்தது. மற்ற விரல்களில் இல்லை. அதைப் பார்த்தும் அக்காவுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அதுவரை அவள் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம்.

வருஷக் கடைசியில் பல்கலைக்கழக இசைக்குழுவோடு ஒரு சாக்ஸபோன் தனி வாசிப்பு உண்டு. ஒரே ஓர் இடம். அக்காவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நான்கு வருஷமாக அதற்காகத்தான் உயிரை விட்டு உழைத்தாள். பன்னிரண்டு ஸ்கேல் சுரவரிசைகளையும் வாரத்துக்கு நான்கு துடிப்பு வேகம் கூட்டி, பென்சிலால் சுவரில் கோடு போட்டு, அம்மாவிடம் திட்டு வாங்கி, வெள்ளையடித்த பிறகு மறுபடி கோடு போட்டு வளர்த்த விரல்கள் அவளுடையவை. அப்படி வளர்த்தவளுக்கு, எதையும் வளர்க்காமலே வாத்தின் விரல்கள் ஓடுவதைப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரு நாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் ஆசிரியர் சொன்னார்: "இவளுக்கு மட்டும் அடிச் சுரம் வந்துட்டா, நாம எல்லாரும் கடையை மூடிட்டுப் போகலாம்." எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், கொஞ்சம் அதிகமாகவே.

அந்த இடத்துக்கான தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. வாத்து பல் டாக்டரிடம் போயிருந்தாள். அக்கா ஏதோ புத்தகம் எடுக்கக் கீழ்வீட்டுக்கு இறங்கினாள். கட்டிலில் சாக்ஸபோன் உறை திறந்து கிடந்தது. பெருமை பார்க்கத்தான் எடுத்தாள், வேறொன்றுமில்லை. வாத்துக்கு வராத சுரம் தன் மூச்சில் எப்படி வந்து நிற்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தாள். உறைக்குள் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து ரீட்டை எடுத்துப் பொருத்தி, அடிச் சுரத்தை ஊதினாள்.

குவாக்.

மறுபடி ஊதினாள். வயிற்றிலிருந்து மூச்சைத் திரட்டி, கண்ணில் நீர் வர ஊதினாள். குவாக்.

அக்கா முட்டாள் இல்லை. அலமாரியில் கிடந்த சின்ன விளக்குச் சரத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சரத்தைக் குழலுக்குள் இறக்கி, துளைகளை மூடும் சாவிகளை எல்லாம் அழுத்திப் பிடித்து, இருட்டில் பார்த்தாள். மோதிர விரல் மூடும் தட்டின் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு வெளிச்சம் கசிந்தது. தட்டுக்கு அடியில் இருக்கும் தோல் பஞ்சு சரியாக உட்காரவில்லை. வெளிச்சம் போகிற வழியில் காற்றும் போகும். பிறகு எந்த மகாராஜா ஊதினாலும் அதற்குக் கீழே உள்ள சுரம் நிற்காது. பழுது பார்க்கிறவருக்கு அது பத்து நிமிஷ வேலை.

எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். ஆசிரியர் சொன்னதற்கு மேலே நான் யார் சொல்ல, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தேர்வு முடியட்டும், சொல்லிவிடலாம். இந்த நேரத்தில் சொன்னால் அவளுக்குத்தான் குழப்பம். இப்படி நியாயங்கள் கேட்காமலே வந்து வரிசையில் நின்றன. அந்தப் பதினோரு காலையும் அவள் ஆறாம் நம்பர் அறையில் எதிரே உட்கார்ந்து எண்ணினாள். ஐந்து. ஏழு. ஆறு.

அந்த வருஷம் தேர்வுக்குக் கொடுத்த பகுதி அடிச் சுரத்தில்தான் ஆரம்பம். வாத்து மேடையேறி முதல் சுரம் ஊதியதும் பின்வரிசையில் யாரோ 'குவாக்' என்று எதிர்க்குரல் கொடுத்தார்கள். வாத்துகூடச் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வாசித்த வேகமான பகுதி அந்தக் கூடத்தில் யாரும் வாசிக்காத மாதிரி இருந்தது. ஆனால் சிரிப்பு அடங்குவதற்குள் அது முடிந்துவிட்டது.

இடம் அக்காவுக்குக் கிடைத்தது. நன்றாகவே வாசித்தாள், கைதட்டினார்கள், சித்தி முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அன்றும் நினைத்தாள். அடுத்த பருவம் தொடங்கியபோது வாத்து சாக்ஸபோனை விட்டுவிட்டு நூலகப் படிப்புக்கு மாறியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு மூச்சு பத்தல, அக்கா. புத்தகத்துக்கு மூச்சு வேண்டாம்" என்று சிரித்தாள். படிப்பு முடித்திருந்த அக்கா அதற்குப் பிறகு வீட்டில்தான் ஊதினாள். ஸ்கேல்களின் வேகம் கூடவில்லை. சுவரில் புதுக்கோடும் விழவில்லை.

சாக்ஸபோனை விற்றுவிடப்போகிறோம் என்று சித்தி சொன்னபோதுதான் அக்காவுக்கு ஒரு வழி தெரிந்தது. கோழையின் வழிதான். "விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரிப்பேர் கடையில காட்டிடலாம்" என்றாள். கடைக்காரர் கண்டுபிடிப்பார், வாத்து குதிப்பாள், மறுபடி வாசிப்பாள், தன் பெயர் எங்கேயும் வராது. ஒரு பகல் வேளையில் இருவருமாகக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையை இழுத்து இருட்டாக்கி, மெல்லிய விளக்குக் குழாயை உள்ளே விட்டார்.

"இதோ பாரும்மா. இந்தத் தட்டு ஒழுகுது. ரொம்ப நாளா ஒழுகுது. இதுல அடிச் சுரம் எப்படி வரும்?"

வாத்து குனிந்து பார்த்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. "அப்போ... என் மூச்சு இல்லையா?"

"மூச்சா? இதுல அஞ்சு எண்ணற வரைக்கும் நிறுத்தினாலே உனக்குக் கோயில் கட்டணும். வேற யாராவது ஒரு தடவை ஊதிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே?"

"எங்க அக்கா ஊதிப் பாத்தாளே" என்றாள் வாத்து, சந்தோஷத்தில் மூச்சு வாங்க. "நான் பல் டாக்டர் கிட்ட போன அன்னைக்கு. எனக்குத் தெரியும், அக்கா. வந்து பாத்தா ரீடு ஈரமா இருந்துச்சு. நான் தொடைக்காம வைக்கவே மாட்டேன். உனக்கு நல்லா வந்திருக்கும், சொன்னா நான் ஒடஞ்சு போயிடுவேன்னு நீ மறைச்சிருப்பேன்னு நெனச்சேன். அன்னைக்குத்தான் எனக்கு முடிவாத் தெரிஞ்சுது, கோளாறு கருவியில இல்ல, என்கிட்டதான்னு. அதனாலதான் நான்..."

விளக்கு இன்னும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. வாத்து தட்டோரத்து வெளிச்சக் கீறலைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"உனக்கும் வந்திருக்காதே."

"வரல" என்றாள் அக்கா.

இதில் ஒன்றும் புரியாத கடைக்காரர் திரையை விலக்கி, பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்து, புதியதை ஒட்டி, சூடுகாட்டி அழுத்தினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "ஊதிப் பாரும்மா" என்று நீட்டினார்.

வாத்து ஊதினாள். கத்தவில்லை, தாவவில்லை. சுரம் கடைத் தரையிலிருந்து எழுந்து நின்றது. பழக்கதோஷத்தில் அக்காவின் மனசு எண்ணத் தொடங்கியது. பத்து, பதினைந்து, இருபத்திநாலு. அவளுடைய எல்லை அங்கே முடிந்தது. சுரம் முடியவில்லை. முப்பது. முப்பத்தாறு. ஒழுகுகிற கருவியோடு ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி வளர்த்த மூச்சு அது. அதை எதிரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டே கொன்றது தான்தான் என்று அக்காவுக்கு அப்போது முழுசாகத் தெரிந்தது. அழக்கூட வெட்கமாக இருந்தது.

வாத்து சாக்ஸபோனை இறக்கினாள். எத்தனை என்று கேட்கவில்லை. ரீட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் துணியால் துடைத்து, சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பெட்டியை வழக்கம்போல் சாக்ஸபோன் உறைக்குள் வைக்காமல் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.