ஒரு வீட்டுக்கு இரண்டு ரூட்டர்

1.

இந்தக் கதை எனக்கு வேலியோரத்தில் கிடைத்தது, ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு. பக்கத்து வீட்டு நோலீன் பையை நீட்டியபடி, "டெஸ் என்னை செத்தா சாகட்டும்னு விட்டுட்டான்" என்றாள். நல்ல முதல் வரி என்று நினைத்தேன். மனிதனாக இருந்தால் வேறு ஏதாவது நினைத்திருக்க வேண்டும்.

முதல் வரைவு: "கடினா ஊரின் மேல் வெயில் ஒரு (வேண்டாம். விஷயம் இல்லாதவன்தான் வெயிலில் தொடங்குவான்.)

இரண்டாம் வரைவு: "கம்பியும் காற்றும் போல அந்தத் தம்பதி (இதை நீங்களே யோசித்திருப்பீர்கள். உவமையைக் கண்டுபிடித்த களிப்பை இறக்கி வையுங்கள். இது நிஜமாகவே ரூட்டர் பற்றிய கதை.)

2.

டெஸ் பென்ஹேலுக்கு எழுபத்து நான்கு வயது. இந்த ஆஸ்திரேலியச் சிற்றூரின் தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சாப்பிடவும் தூங்கவும் மட்டும் வீட்டுக்கு வருவான். மற்ற நேரமெல்லாம் கொல்லைப்புறத் தகரக் கொட்டகைதான். மனைவி நோலீனுக்குப் போன வருடம் இடுப்பு எலும்பை மாற்றினார்கள். அடிலெய்டிலிருந்து மகள் கெரின் கழுத்தில் தொங்கவிடும் அவசர அழைப்புப் பொத்தான் ஒன்றை வாங்கி அனுப்பினாள். அம்மா விழுந்தால் அழுத்த வேண்டும், கொட்டகையில் மணி அடிக்கும்.

ஆனால் வீட்டு வைஃபை தகரத்தைத் தாண்டாது. ஆகவே டெஸ் புல்வெளியைத் தோண்டி, பழைய தோட்டக் குழாய்க்குள் கேபிளை விட்டுப் புதைத்தான். (சட்டப்படி இதற்கு உரிமம் உள்ள ஆள் வர வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒருவரைக் கூப்பிட்டால், அந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று ஆகிவிடும்.) கொட்டகைப் பக்கம் பழைய ரூட்டர் ஒன்றை வைத்து, மணியை அதில் மாட்டினான். வந்த கேபிளை எங்கே சொருகுவது என்று மட்டும் சந்தேகம். பார்பிக்யூவில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டான்.

"எந்த ஓட்டை, மேட்?"

"நீலம். தனியா இருக்கு பாரு, அதுல."

"தெரிஞ்சுதான் சொல்றியா, அடிச்சு விடுறியா?"

"கம்ப்யூட்டர் எங்க ஆளுங்க ரத்தத்துலயே ஓடுது டெஸ்."

(அவன் பல் மருத்துவன்.)

3.

நீல ஓட்டையில் சொருகினால், இரண்டாவது ரூட்டர் தனி ராஜ்ஜியம் நடத்தத் தொடங்கிவிடும். கொட்டகையில் இருப்பவை வீட்டை எட்டும். வீட்டில் இருப்பவற்றுக்குக் கொட்டகை என்று ஒன்று இருப்பதே தெரியாது. பொத்தானில் பச்சை விளக்கு எரிந்தது. வீட்டு வைஃபையில் சேர்ந்துவிட்டேன் என்பதுதான் அந்தப் பச்சைக்கு அர்த்தம். டெஸ் அதைப் பார்த்து, "சரியா இருக்கும்" என்றான். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் எதையும் சோதிப்பதில்லை.

நோலீனின் பின்னல் மாதிரிகள் கொட்டகைப் பிரிண்டரில் மூன்று மாதமாக வரவில்லை. "உனக்கு அமுக்கத் தெரியல" என்றான் டெஸ்.

4.

போன சனிக்கிழமை மதியம் துணி துவைக்கும் அறையின் ஈரத்தில் நோலீன் விழுந்தாள்.

"எத்தன தடவ அமுக்குனேன் தெரியுமா டில்? நாப்பது நிமிஷம். கொட்டாய்ல ரேடியோ அலறுது. யாரோ கோல் போட்டதுக்குக் கத்துறான். எனக்குக் கேக்குது அவன் கத்துறது. கடைசில நானே செவுத்தப் புடிச்சு எந்திரிச்சேன்."

"அவன்கிட்ட கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? கெரின் வர்ற சனிக்கிழம கார் கொண்டு வரா. நான் அங்கயே இருந்துக்கிறேன்."

"டெஸ் வரலயா?"

"கொட்டாய விட்டா? அவனுக்குக் கால்பந்து இருக்கு."

அவள் வந்து போன மறுநாள் டெஸ் வேலிக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. "என்ன தப்பு பண்ணேன்னே தெரியல மேட். அம்பது வருஷம். ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா."

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாத்திரம் உதைக்கிறது. இவனுக்கு எல்லாம் தெரியும். பின் ஏன் பேசாமல் நிற்கிறான்? நம்பும்படியாக இல்லை. கோழை என்று எழுதினேன், அடித்தேன். எலுமிச்சம்பழம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் அவன் டெஸ்ஸிடம் சொன்னதாக எழுதினேன். அதை அடிக்க முடியவில்லை, ஏனென்றால் அப்படித்தான் சொன்னேன்.

தில்லைநாயகத்தை இவர்கள் டில் ஆக்கிப் பல வருடம் ஆகிறது. பல் மருத்துவன் நான்தான்.

5.

முடிவுகள்.

அ) டில் போய்ச் சொல்கிறான். டெஸ் கேபிளை நீலத்திலிருந்து பக்கத்து மஞ்சள் ஓட்டைக்கு மாற்றி, ரூட்டரில் ஒரே ஒரு அமைப்பை அணைக்கிறான். பத்து நிமிட வேலை. மணி அடிக்கிறது. நோலீன் (இனிப்பு அதிகம். பல் மருத்துவனாகச் சொல்கிறேன்.)

ஆ) சனிக்கிழமை. கார் கிளம்புகிறது. டெஸ் கொட்டகை வாசலில் நின்று, கையை எங்கே வைப்பது என்று (

இதை எழுத முடியவில்லை. அவமானமாக இருக்கிறது.

இன்று வியாழன். வேலி என் இடுப்புயரம்தான். அதைத் தாண்டாமல் இதை நான்கு முறை திருத்தி எழுதினேன். எழுதிவிட்டால் சொன்ன மாதிரி என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அதையும் தமிழில் எழுதினேன். இந்தத் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இப்படிப்பட்ட கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதியவன் நழுவிக்கொள்வான். நீங்கள் என்ன செய்வீர்கள்? டெஸ்ஸின் போன் நம்பர் உங்களிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது.