ஒன்றும் வளரவில்லை

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நர்ஸிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் 'வைரஸ் அக்கா'. கூப்பிட்டுவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார்கள். அவளும் சும்மா இருக்காமல், வேண்டுமென்றே ஒரு பொய்த் தும்மல் போட்டு வைப்பாள்.

கைக்குழந்தைகளின் மூக்குச் சளியிலிருந்து வைரஸை வளர்த்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. வைரஸ் பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி, தனியாக வளராது. அதற்கு உயிருள்ள செல்கள் வேண்டும். செல்களைக் குழாயின் அடியில் பாலாடைபோலப் படரவிட்டு, அதன்மேல் சளியை ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்துவிட்டு, தினமும் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். வைரஸ் உயிரோடிருந்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வீங்கி, ஆடை கிழியும். இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பதால் அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

"ஊர்ல எல்லாரும் பிள்ளை வளர்க்கறாங்க. எங்கக்கா பிள்ளையைப் பிடிச்ச பீடையை வளர்க்கறா" என்று தம்பி கிண்டல் செய்வான். கொஞ்ச நாளாக அந்தக் கிண்டலும் நின்றுபோயிருந்தது. தம்பிக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவை. அவற்றில் பெரியவளுக்குச் சளி பிடித்ததால் தனியறையில் போட்டிருந்தார்கள். மூச்சுத் திணறல் அடங்கி, காய்ச்சலும் போய்விட்டது. ஆனாலும் இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை. சின்னவள் இன்னும் குறைமாதக் குழந்தைகள் வார்டில்தான் இருந்தாள். ஒரு கை நிறைகிற அளவுகூட இல்லாத உடம்பு. அவளுக்குத் தொற்றினால் தாங்க மாட்டாள். தனியறைக்குள் போனவர் சின்னவளின் வார்டுக்குள் வரக்கூடாது என்பது விதி. ஆகவே தாய் சின்னவளோடு, தகப்பன் பெரியவளோடு. பெற்றவள் தன் மூத்த மகளைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் காரணம் அன்றன்றைக்கே முடிவு சொல்லும் மெஷின் டெஸ்ட். அதில் பெரியவளுக்கு வைரஸ் இருக்கிறது, இருக்கிறது என்றே வந்துகொண்டிருந்தது.

"மெஷினுக்குச் செத்த பாம்பும் பாம்புதான்" என்றார் குழந்தைகள் டாக்டர். "உயிர் இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. வளர்த்துப் பார்த்தாத்தான் தெரியும். வளரலேன்னா அன்னிக்கே ரெண்டு பேரையும் சேர்த்துடலாம்."

டாக்டர் சொன்னது தம்பி மனைவியின் காதில் 'சேர்த்துடலாம்' என்று மட்டும்தான் விழுந்தது.

"அண்ணி, சீக்கிரம் பாருங்க."

"நான் அவசரப்படலாம்மா. வைரஸ் அவசரப்படாது."

"அது உங்க வீட்டு வைரஸ்தானே, நீங்க சொன்னா கேக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சிரிப்பு கண்வரை போகவில்லை. நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் நடுவே கல்யாணத்தன்றே ஒரு சின்ன நெருடல் விழுந்திருந்தது. என்ன காரணம் என்று இப்போது கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. அதற்காக அது இல்லாமல் போய்விடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் வைரஸ் அக்கா மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, வாழ்நாளில் செய்யாத ஒரு காரியம் செய்தாள். வளராதே என்று வேண்டிக்கொண்டாள். வளர்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் வேண்டுகிற வேண்டுதலா இது! வேண்டுதல் பலித்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று அவளே உயிருள்ள வைரஸைப் போட்டு வைத்திருந்த குழாயில் ஆடை கிழிந்து நார்நாராகத் தொங்கியது. பெரியவளின் குழாய்களில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

வளர்கிறதா என்று பார்க்க வேண்டிய கெடு முடிந்த அன்று வார்டு வாசலுக்கே போனாள். "ஒண்ணும் வளர்ச்சி இல்லம்மா" என்றாள்.

தம்பி மனைவியின் முகம் வெளுத்தது. "ஐயோ, எடை ஏறலையா? பால் நல்லா குடிக்கறாள்னு சொன்னாங்களே!"

"உன் பொண்ணு இல்லடி, வைரஸ்! வைரஸ் வளரல!"

அப்புறம் கேட்க வேண்டுமா. அவள் சிரித்தாள், அழுதாள், வந்த நர்ஸைக் கட்டிக்கொண்டாள். நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பெரியவளுக்கென்று மடித்து வைத்திருந்த மஞ்சள் துண்டைத் தேடி எடுத்தாள்.

தனியறைப் பக்கமிருந்து தம்பி ஓடி வந்து, விதிப்படி தாழ்வாரத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றான். "பார்த்தியா, எல்லாம் என் சாமர்த்தியம்!" என்று மார்தட்டினான். "அன்னிக்கு சளி எடுத்தப்ப உன் லேப் பூட்டியாச்சு. வார்டு ஃபிரிட்ஜ் வேற ரிப்பேர். 'உங்க அக்காகிட்டத்தானே குடுக்கப் போறீங்க, காலையில குடுத்துடுங்க, சில்லுனு இருக்கட்டும்'னு நர்ஸ் ஐஸ் டப்பாவைக் குடுத்தாங்க. ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? நேரா நம்ம கிடங்குக்கு எடுத்துட்டுப் போய்ட்டேன்."

தம்பி வேலை பார்ப்பது மீன் குளிர்க்கிடங்கில். அவன் தொழிலில் பாதிக் குளிர் என்பது அழுகல். எதையும் கல்லாக்கினால்தான் அவனுக்கு நிம்மதி.

"எடுத்துட்டுப் போய்?" என்றாள் அக்கா.

"எடுத்துட்டுப் போய் என்ன, மீனோட மீனா ஃபிரீசர்ல வச்சேன். காலையில பார்த்தா கல்லு! ஒரு துளி கெடல. உன்கிட்ட வர்றதுக்குள்ள உருகிடுச்சு, அதான் உனக்குத் தெரியல."

வைரஸ் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த வைரஸுக்குக் குளிர் வேண்டும், ஆனால் உறையக் கூடாது. உறைந்து உருகினால் பெரும்பாலும் செத்துவிடும். தம்பி மீனைக் காப்பாற்றுவதுபோல வைரஸைக் காப்பாற்றப்போய், வழியிலேயே கொன்றிருக்கலாம். குழந்தையின் மூக்கில் செத்ததா, மீன் கிடங்கில் செத்ததா? அவளுடைய சுத்தமான குழாய்கள் அதைச் சொல்லாது.

விஷயத்தைச் சொன்னபோது தம்பியின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு தணிந்த குரலில், "அக்கா, ஒருவேளை நிஜமாவே போயிருக்கலாம் இல்ல?" என்றான்.

"போயிருக்கலாம்."

"அப்ப விடேன். நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் மஞ்சள் துண்டைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அவளுக்கும் தோன்றியது, தோன்றவில்லை என்றால் பொய். பிடித்த கை இன்னும் விடவில்லை. அது விட்டுவிடுமே என்றும் இருந்தது.

"டாக்டர்கிட்ட இந்த ரிசல்ட் செல்லாதுன்னு சொல்லப்போறேன்" என்றாள். "புதுசா எடுக்கணும்மா."

தம்பி மனைவி கையை உதறினாள். "தெரியும். எனக்கு முன்னாடியே தெரியும். ஒரு நல்ல காரியம் நடக்க விட மாட்டீங்க. உங்க தம்பி உளறினதுக்கு நான் பெத்ததைத் தொடக்கூடாதா? உங்களுக்கு என்ன தெரியும், குழாய்ல வளர்க்கறவங்களுக்கு!"

வைரஸ் அக்காவுக்குக் குழந்தை இல்லை. வலித்தது, நன்றாகவே வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தாள்.

புதுச் சளியை எடுத்தவுடன் அவளே ஐஸ் டப்பாவில் வைத்து, தாழ்வாரம் முழுக்கக் கையில் ஏந்திக்கொண்டு போனாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். அன்று தும்மல் போட அவளுக்கு மனமில்லை. பழையபடி காலைகள் வந்தன. பழையபடி வேண்டுதலும்.

ஒரு காலை, ஆடையின் ஓரத்தில் நாலைந்து செல்கள் சுவர் இடிந்த வீடுகள்போல ஒன்றாகக் கலந்திருந்தன. மறுநாள் அது பரவியிருந்தது. அடுத்த குழாயிலும் அதேதான். வைரஸ் சாகவில்லை. அன்றைக்கே சேர்த்திருந்தால் அந்தக் கைப்பிடி உடம்புக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. தான் செய்தது சரி என்ற சந்தோஷம் ஒரு துளிகூட வரவில்லை. மேஜையில் தலை வைத்து அழுதாள்.

அப்புறம் மைக்ராஸ்கோப் கண்ணில் போனை வைத்துப் படம் எடுத்து, வார்டு வாசலுக்குப் போய் நீட்டினாள். தம்பி மனைவி வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவா?"

"இதுதான். உயிரோட இருக்கு. எப்பப் போகும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

திட்டு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தம்பி மனைவி வார்டுக்குள்ளே திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். குழந்தை இப்போது சிறு கிண்ணத்தில் பால் குடிக்கப் பழகியிருந்தாள். எடையும் ஏற ஆரம்பித்திருந்தது.

"நாளைக்குச் சேர்த்துடுவாங்க, நாளைக்குச் சேர்த்துடுவாங்கன்னே இங்க உக்காந்திருந்தேன் அண்ணி" என்றாள். "நாளைக்கு இல்லேன்னு யாராவது சொல்லியிருந்தா, அன்னிக்கே பெரியவகிட்ட போயிருப்பேன். எங்கக்காவை வரச் சொல்றேன், சின்னவளைப் பார்த்துப்பா. பால் எடுத்துக் குடுத்து அனுப்பறேன். நான் பெரியவகிட்ட போறேன். திரும்ப விட மாட்டாங்கன்னு தெரியும். பரவால்ல."

அவளுடைய அக்கா வந்து சேர்ந்த அன்று மாலை, வைரஸ் அக்கா தனியறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே கவுனும் மாஸ்க்குமாகத் தம்பி மனைவி. மஞ்சள் துண்டில் பெரியவள். தாயின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. குழந்தை எதற்கும் அசையாமல் தூங்கியது.

வெளியே நாத்தனார் நிற்பதைக் கண்டு அவள் குழந்தையோடு எழுந்து கண்ணாடியருகே வந்தாள். குழந்தையின் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். கண்ணாடி வழியே குரல் மங்கலாகத்தான் கேட்டது, ஆனாலும் கேட்டது.

"பாருடி, உன் அத்தை. உங்க அப்பா மாதிரி இல்ல. பொய் சொல்லச் சொன்னாலும் வராது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க வளர்க்கறது ஒழியட்டும் அண்ணி. இவளை வளர்க்க நீங்களும் வரணும்."

வைரஸ் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தைக்குப் பதில் ஒரு தும்மல்தான் வந்தது, இந்த முறை பொய்யாக அல்ல. உள்ளே இருந்தவள் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள்.